இரண்டில் எடுத்த வண்டி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கக் கை வரவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது ஐந்தாவது.

தீர்ப்பு நாளன்று நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். பணிமனையில் லீவு தரவில்லை என்று பாப்பாவிடம் சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. மூன்று வருஷம் என்று நீதிபதி சொன்னபோது அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை மாமா என்று வந்து சொன்னாள். அதைக் கேட்டுவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய், துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாப்பா எங்களோடு நன்றாகத்தான் இருக்கிறாள். பதினாறு வயசாகிறது, இன்னும் பாப்பா என்று கூப்பிடாதீர்கள் என்று நேற்று ஒரு சண்டை. உள்ளறையை அவளுக்கே கொடுத்துவிட்டோம். தட்டில் பாதியை மிச்சம் வைக்கிறாள். என் மனைவி ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த வேளை கொஞ்சம் குறைத்துப் பரிமாறுகிறாள், மிச்சம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று.

வாரத்துக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் ஃபோன் பேசலாமாம். அதை அவளுக்கே வைத்துக்கொள். எனக்குக் கடிதம் போதும். மேல்முறையீடு ஜூன் மாதம் விசாரணைக்கு வரும் என்று வக்கீல் சொன்னார். பணிமனையில் டிரைவர்கள் எல்லோரும் உன்னை விசாரித்தார்கள். உன் வண்டியை மறுபடி ஓட்டத்துக்கு விட்டாயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 15

தம்பி,

கடிதம் கிடைத்தது. இங்கே வருகிற எல்லாக் கடிதத்தையும் முதலில் ஓர் அதிகாரியம்மா பிரித்துப் படிப்பார். பிறகுதான் எங்கள் கைக்கு. உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "உன் தம்பி என்ன, மருந்துச் சீட்டு எழுதுறவரா?" என்று கேட்டார். "டாக்டர்தான், பஸ்ஸுக்கு" என்றேன். பணிமனையில் உன்னை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். லேப்டாப்பை வண்டியில் செருகி நாடி பார்க்கிறவன் நீ ஒருத்தன்தான் அங்கே.

அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

அன்றைக்குக் காலை எட்டே கால். ஆஸ்பத்திரி ஏற்றம் ஸ்டாப். வண்டியில் உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. கண்டக்டர் இரண்டு மணி அடித்தார். நான் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தேன். பதினோரு வருஷமாக அதே ஏற்றத்தில் எடுக்கிறவள் நான். ஒன்றாம் கியரில் கிளம்பினால் வண்டி உடனே ஒரு தள்ளுத் தள்ளும், நம் முதுகு சீட்டில் ஒட்டும். இரண்டாம் கியரில் கிளம்பினால் கொஞ்சம் யோசிக்கும். அன்றைக்கு யோசித்தது. நாலடி பின்னால் போய் யோசித்தது.

பின்னால் ஸ்கூட்டரில் அந்தப் பெண். அவளுக்குப் பின்னால் தண்ணீர் லாரி. அவளுக்கு நகர இடமில்லை. அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்தாறு வயசு.

பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்கு என் கால் போக ஒன்றேகால் விநாடி ஆனது என்று கோர்ட்டில் சொன்னார்கள். ஆகியிருக்கும். கால் என்னுடையதுதான், நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கியர் என்னுடையது இல்லையே. நின்ற இடத்திலிருந்து எதில் கிளம்புவது என்று அந்த வண்டி எப்படி முடிவு பண்ணுகிறது? ஏன் இரண்டில் எடுத்தது? கோர்ட்டில் இதை யாரும் கேட்கவில்லை. எனக்கும் அங்கே வாய் கட்டிப்போயிருந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி எழுது. இங்கே நேரம் நிறைய இருக்கிறது.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதப் பார்க்கிறேன்.

பழைய வண்டியில் கியரை நீ போடுவாய். இந்த வண்டியில் ஒரு கணினிப் பெட்டி போடுகிறது. ஒன்றாம் கியரில் இழுவை அதிகம், கிளம்பும்போது உலுக்கும். சமதரையில் அது தேவையே இல்லை. கிளம்பின அடுத்த நொடியே இரண்டுக்கு மாறிவிடும், அந்த மாற்றத்தில் இன்னொரு உலுக்கல். நிற்கிற பயணிகள் விழுகிறார்கள், டீசலும் வீண் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அதிலிருந்து எல்லா வண்டியும் இரண்டாம் கியரில் கிளம்பும்படி வைத்திருக்கிறோம். இதில் கிளட்ச் கிடையாது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அதனால் இரண்டில் எடுத்தாலும் எதுவும் தேயாது, உடையாது. இது ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான்.

ஒன்றாம் கியர் தேவைப்படுகிற இடத்தை அந்தப் பெட்டியே கண்டுபிடிக்கும். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் ஒன்று விழும். டிரைவர் '1' பட்டனை அமுக்கினால் விழும். அதை அமுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை இருப்பது உனக்கே தெரியும். மூன்றாவது, ஏற்றம். வண்டிக்குள் தீப்பெட்டி அளவில் சாய்வுமானி ஒன்று இருக்கிறது. நிற்கிற இடத்தில் சாய்வு நாலு டிகிரிக்கு மேல் என்று அது சொன்னால், பெட்டி தானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். குறைவு என்று சொன்னால் இரண்டு.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கருவி என்றால் சில சமயம் முன்னே பின்னே ஆகலாம்.

பாப்பா கணக்குப் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாள்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. நீ எழுதினது புரிந்தது. எழுதாமல் விட்டதும் புரிந்தது.

ஆஸ்பத்திரி ஏற்றத்தில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். அது நாலு டிகிரிக்குக் குறைவா?

விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால் என் வண்டி உங்கள் பணிமனையில் மூன்று நாள் நின்றது. என்ன வேலை என்று கேட்டதற்கு, "சின்னதா ஒரு சென்சார் மாத்தினோம்க்கா, ஒண்ணும் பெரிசில்ல" என்றாய். திரும்பி வந்த பிறகுதான் அது ஏற்றத்தில் யோசிக்க ஆரம்பித்தது. குறைப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதினேன். 'ஏற்றத்தில் எடுக்கும்போது பின்னால் போகிறது.' மூன்று தடவையும் கீழே பதில்: 'ஓட்டிப் பார்த்தேன். குறை இல்லை.' வால் நீட்டிப் போட்ட அந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா? நீ கையெழுத்துப் போடப் பழகினதே என் பள்ளிக்கூட நோட்டின் பின்பக்கத்தில்தான்.

இன்னொன்று. போன வாரம் என்னைப் பார்க்க ஒருவர் வந்தார். யார் என்று அடையாளம் தெரியாமலே போய் உட்கார்ந்தேன். நர்ஸ் பெண்ணின் அப்பா. தையல்காரர். விரலில் ஊசி குத்தின தழும்பெல்லாம் தெரிந்தது. என்னைத் திட்டுவார், காறித் துப்புவார் என்று நினைத்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "எம் பொண்ணு கத்தினாளா?"

"இல்லைங்க. சட்டுனு முடிஞ்சுபோச்சு" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவள் கத்தினாள். கண்டக்டர் விசில் அடிப்பதற்கு முன்னால் எனக்கு அது கேட்டது. அதைக் கேட்டுத்தான் பிரேக்கையே மிதித்தேன்.

அந்த மனிதரிடம் நான் பொய் சொன்னேன். இனி எனக்குப் பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. நீ உண்மையை எழுது. எழுத முடியாது என்றால் எழுதவே எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுதாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். இந்தக் கடிதத்தையும் அந்த அதிகாரியம்மா பிரித்துப் படிப்பார். படிக்கட்டும்.

சாய்வுமானியைப் புதிதாக மாட்டினால், 'இதுதான் சமதரை' என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு வண்டியை வெளியே எடுத்துப்போய், மட்டம் வைத்துப் பார்த்த தரையில் நிறுத்திவிட்டு லேப்டாப்பில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். போக வர, ஆள் பிடிக்க, ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம். அந்த மாதம் பத்து வண்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. "டாக்டரே, பன்னெண்டு மணிக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டணும். உள்ளேயே முடி" என்றார் ஃபோர்மேன். நான் உள்ளேயே முடித்தேன்.

எங்கள் கொட்டகைத் தரையில், வண்டி கழுவுகிற தண்ணீர் ஓடுவதற்கு வாட்டம் போட்டிருக்கிறார்கள். வண்டி உள்ளே வந்து நின்றால் மூக்கு மேலே தூக்கி நிற்கும். மூன்று டிகிரி. கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பட்டனை அமுக்கினேன். அது என்னை நம்பியது.

ஆஸ்பத்திரி ஏற்றம் ஆறு டிகிரி. என்னிடம் கற்றுக்கொண்ட கருவிக்கு அது மூன்றாகத் தெரிந்தது. நாலுக்குக் கீழே. அதனால் இரண்டில் எடுத்தது. வண்டி தவறு செய்யவில்லை அக்கா.

நீ புத்தகத்தில் எழுதியபோதெல்லாம் காலி வண்டியைப் பணிமனை வாசலில் ஓட்டிப் பார்த்தேன். சமதரையில் என்ன குறை தெரியும்? மூன்றாவது தடவை, அக்கா எதற்கெடுத்தாலும் எழுதுகிறாள் என்று எரிச்சல்பட்டது நினைவிருக்கிறது.

விபத்து நடந்த அன்று மத்தியானமே எனக்குப் புரிந்துவிட்டது. போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும், இன்னொரு உயிர் போகக் கூடாது என்று உன் வண்டியை மட்டும் மட்டத் தரையில் நிறுத்திச் சரி செய்தேன். அதோடு ஆதாரமும் அழிந்தது. அழியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்று எழுத ஆசை. தோன்றியது.

ஏன் பேசாமல் இருந்தாய் என்பாய். விடுதலை ஆகிவிடுவாய் என்று நினைத்தேன். பிறகு அபராதத்தோடு போய்விடும் என்று நினைத்தேன். பிறகு, நானும் உள்ளே போனால் பாப்பாவை யார் பார்ப்பது என்று ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

இப்போது முடிவு பண்ணிவிட்டேன். ஜூன் 20 விசாரணையில் நான் சாட்சி சொல்கிறேன். மற்ற ஒன்பது வண்டியும் இன்னும் அப்படியேதான் ஓடுகின்றன. கோர்ட் ஆள் வைத்து அளந்தால், ஒன்பதிலும் அதே மூன்று டிகிரிப் பிசகு இருக்கும். நான் சொல்வது உண்மை என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அவைதான். நிர்வாகத்திடம் முன்கூட்டிச் சொன்னால் அன்றைக்கே சரி செய்துவிட்டு, எதுவும் நடக்கவில்லை என்பார்கள். அதனால் அவற்றைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எழுதின வரியை அடித்துவிட்டேன். கேட்க எனக்கு முகமில்லை.

தம்பி


மே 8

கடிதத்தைக் கொடுக்கும்போது அதிகாரியம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காந்து படி" என்று தன் நாற்காலியைக் காட்டிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். இங்கே யாரும் யாருக்கும் நாற்காலி கொடுப்பதில்லை.

உன்னைத் திட்ட வேண்டியதை எல்லாம் மனசுக்குள் திட்டி முடித்துவிட்டேன். ஐந்து நாள் ஆனது. காகிதத்தில் அதற்கு இடமில்லை.

ஒன்பது வண்டியா? தொடாமல் வைத்திருக்கிறாயா? எனக்காகவா?

டேய், அந்த வண்டிகளை யார் ஓட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? எந்த வண்டி எந்த ரூட் என்று நிலையாகவா இருக்கிறது? இன்றைக்கு மார்க்கெட் ரூட்டில் ஓடுகிற வண்டி நாளைக்கு ஆஸ்பத்திரி ஏற்றத்தில் நிற்கும். ஜூன் 20-க்கு இன்னும் ஆறு வாரம். ஆறு வாரமும் காலை எட்டே காலுக்கு அந்த ஸ்டாப்பில் ஒரு வண்டி நிற்கும், பின்னால் யாராவது ஒரு பிள்ளை ஸ்கூட்டரில் நிற்கும். நான் வெளியே வருவதற்கு ஆதாரமாக அந்தப் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறாய்.

எனக்கு அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்க வேண்டாம். கேட்டால், நான் வெளியே இருந்தாலும் உள்ளே இருந்தாலும் ஒன்றுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த நாளே ஆரம்பி. ஒன்பதையும் மட்டத் தரைக்கு எடுத்துப்போய்ச் சரி பண்ணு. ஃபோர்மேன் கத்தினால் கத்தட்டும். அப்புறம் கோர்ட்டுக்குப் போவதும் போகாததும் உன் மனசு. போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் படிக்காதவள்தான், முட்டாள் இல்லை.

பாப்பாவிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. அவளுக்குச் சோறு போடுகிற கை உன்னுடையது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும்.

அக்கா


ஜூன் 26

அக்கா,

வக்கீல் வந்து சொல்லியிருப்பார். இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும்.

மே 13-லிருந்து 29-க்குள் ஒன்பது வண்டியையும் சரி செய்தேன். டீசல் போட எடுத்துப்போகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒவ்வொரு வண்டியிலும் பழைய அளவு திரையில் தெரியும்போது ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். எட்டாவது வண்டியில் ஃபோர்மேன் பார்த்துவிட்டார். "யாரைக் கேட்டுத் தொட்டே?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். "ஒன்பதாவதையும் முடிச்சுட்டு வா. நான் எதுவும் பாக்கலை" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். கோர்ட்டில், அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று சத்தியம் செய்தார்.

சாட்சிக் கூண்டில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கோர்ட் உத்தரவுப்படி இரண்டே நாளில் ஓர் எஞ்சினியர் போய்ப் பத்து வண்டியையும் அளந்து வந்தார். பத்தும் சரியாக இருக்கின்றன என்று அறிக்கை கொடுத்தார். உண்மைதானே. ஃபோட்டோவைக் காட்டினேன். அது எந்த வண்டி, எந்தத் தேதி, நானே உண்டாக்கினது இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார் அரசு வக்கீல். உனக்கு எழுதின கடிதத்தையும் நம் தரப்பில் காட்டினார்கள். "அக்காவைக் காப்பாத்த தம்பி எழுதின கடிதம்" என்றார். குறைப் புத்தகத்தைப் பிரித்து, "குறை இல்லைன்னு மூணு தடவை எழுதினது நீங்கதானே? அப்போ பொய்யா, இப்போ பொய்யா?" என்று கேட்டார்.

"அப்போதான் பொய்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேல்முறையீடு தள்ளுபடி. என் சாட்சியம் பாசத்தால் வந்தது, நம்பத் தக்கதல்ல என்று ஒரு வரி. என் மேல் வழக்குக்கூடப் போடவில்லை. அனுமதி இல்லாமல் வண்டிகளைத் தொட்டதற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டும் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

பாப்பா கோர்ட்டுக்கு வந்திருந்தாள். நான் வரச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "உங்களுக்கு முதல் நாளே தெரியும் இல்ல மாமா? அம்மாவுக்கும் மே மாசமே தெரியும் இல்ல?" நான் ஆமாம் என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குச் சோறு போட்டீங்க" என்றாள். மறுநாள் காலையில் பள்ளி விடுதியில் சேர்ந்துவிட்டாள். என் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். பிறகு உள்ளறையைச் சாத்திவிட்டு வந்து, "இனி என் முகத்தைப் பாத்துப் பேசாதீங்க" என்றாள்.

நீ சொன்னபடிதான் செய்தேன் அக்கா. செய்யாமல் இருந்திருந்தால் நீ இந்நேரம் வீட்டில் இருந்திருப்பாய்.

தம்பி


ஜூலை 10

தம்பி,

இருந்திருப்பேன். அது தெரிந்துதான் எழுதினேன். இப்போதும் கேட்டால் அதையேதான் எழுதுவேன். ஆனால் தெரிந்து செய்தால் வலிக்காது என்று நினைத்திருந்தேன். அது தப்பு.

பழைய கண்டக்டர் நேற்றுப் பார்க்க வந்தார். வண்டியெல்லாம் இப்போது ஏற்றத்தில் கும்மென்று கிளம்புகிறதாம். "என்ன பண்ணாங்கன்னு தெரியல, நல்லா இழுக்குது" என்றார். யார் பண்ணினது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கோர்ட்டில் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். அது நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை ஃபோன் நாள். விடுதி எண்ணை எப்படியோ வாங்கிவிட்டேன். வார்டன் எடுத்து, கூப்பிடுகிறேன் என்று ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். காலடிச் சத்தம் கேட்கிறது, பெண் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்கிறது, எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுகிறது. பாப்பா வருவதில்லை. பத்து நிமிஷமும் என்னுடையது என்பதால் நான் ரிசீவரை வைக்காமல் நிற்கிறேன். இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. அவள் மேல் தப்பில்லை. என்னைப் பார்த்து வளர்ந்தவள், பொய் பிடிக்காது.

தையல்காரருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் பெண் கத்தினாள் என்று. அனுப்பவில்லை. அதிகாரியம்மா படித்துவிட்டு, "இது அவருக்கு வேணுமா, உனக்கு வேணுமா?" என்று கேட்டார். எனக்குத்தான். வாங்கிக் கிழித்துவிட்டேன். அந்த ஒரு பொய்யோடு இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்னும் இரண்டு வருஷம் எட்டு மாசம். வேறு வேலை தேடு. உன் பெண்டாட்டி பேசவில்லை என்றாலும் சாப்பிட்ட தட்டை நீயே கழுவி வை.

எனக்கு இனிமேல் எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. எழுதினால் பிரிப்பேன். பிரித்தால் படிப்பேன். படித்தால், என் நோட்டில் கையெழுத்துப் போட்டுப் பழகின பிள்ளையாகத் தெரிவாய். எனக்கு உன்னைப் பிடித்துவிடும். அந்த நர்ஸ் பெண் செத்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அக்கா